மூன்றாம் உலையில் ஒரு சிலுவை

தனக்கு வரும் என்று சொல்லப்பட்ட பதவிக்கு முப்பத்தேழு நாள் முன்பே பெயர்ப்பலகை செய்து வைத்துக்கொண்டவன் கோவிந்தராஜ். 1991 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை மாலை, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடையில் அதை வாங்கினான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை எழுத்து. நீளம் ஒன்பது அங்குலம், அகலம் இரண்டேகால். ‘பி. கோவிந்தராஜ், சிஸ்டம் மேனேஜர்’ என்று இருந்தது. அன்றைக்கு அவன் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். இன்சார்ஜுக்குக் கீழே வேலை செய்ய ஒருவரும் இல்லை. மேனேஜர் ஆனாலும் ஒருவரும் இருக்கப்போவதில்லை. ஆனால் மேனேஜருக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை உண்டு. தேநீர் அந்த அறைக்குள்ளேயே வரும். அந்தத் தேநீருக்காகத்தான் இத்தனையும் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவன் பிறந்தது 1957இல், மேனாம்பேட்டில். தகப்பனார் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு வாயிற்காவலர். இருபத்தெட்டு வருடம் ஒரே கதவைக் காத்தவர். திறக்க வேண்டியவருக்குத் திறந்தார், மூட வேண்டியவருக்கு மூடினார். மகனைப் பற்றி அவ்வளவுகூடச் சொல்வதற்கில்லை. கோவிந்தராஜ் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது முறையில் தேறினான். தட்டச்சு ஹையரை முதல் முறையிலேயே தேறினான். அதையும் சொல்லிவிட வேண்டும். 1984 ஜூன் 11, திங்கட்கிழமை, திருமழிசை தொழிற்பேட்டையில் மரகதம் மெட்டல் ட்ரீட்டர்ஸ் என்ற கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தான்.

வெளியிலிருந்து வரும் பல்சக்கரங்களையும் தண்டுகளையும் உலையில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கித் திருப்பி அனுப்புவது அந்தக் கம்பெனியின் தொழில். மொத்தம் ஆறு உலைகள். ஒவ்வொரு உலைக்கும் ஷிஃப்டுக்கு ஓர் ஆள். கால்மணிக்கு ஒருமுறை உலையின் சூட்டைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால் அந்த இரும்பை வாங்குகிறவர் தொடமாட்டார்.

1988இல் கம்பெனி கோவிந்தராஜைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியது. ஆறு மாத மாலை வகுப்பு. மொத்தம் எழுபத்திரண்டு வகுப்புகள். அவன் போனது ஐம்பத்தொன்று. திரும்பி வந்தவன் எதைச் சொன்னாலும் “டெக்னிக்கலா பாத்தா” என்று தொடங்கினான். உலைக்காரர்கள் அவனுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

1990 நவம்பரில் கம்ப்யூட்டர் வந்தது. ஆறு உலைகளின் பக்கத்திலும் திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு டெர்மினல் வைத்து, ஆறு கேபிள்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்தார்கள். உலைக்காரர் சூட்டை அடித்து என்டரைத் தட்டினால், கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு, தன் கடிகாரத்தில் அப்போது என்ன மணியோ அதையும் சேர்த்து அச்சடிக்கும். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அந்த டெர்மினலில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். இதற்கான ப்ரோக்ராமைக் கோவிந்தராஜ் எழுதினான்.

முதலில் அவன் எழுதியது முதல் உலையிடம் போய் நிற்கும். அங்கிருந்து ஒரு வரி வந்தால்தான் இரண்டாவது உலைக்குப் போகும், பிறகு மூன்றாவதுக்கு. முதல் உலையில் இருந்தவர் துலுக்கானம். திருமழிசைக்காரர், வாய் சும்மா இருக்காது. அவர் டீ குடிக்கப் போனால் மற்ற ஐந்து பேர் அடித்ததும் கேபிளிலேயே கிடக்கும். கம்பெனியில் மூன்றே நாளில் இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“நான் ஒன்னுக்குப் போனா கம்பெனியே நிக்குது மாமே. மொதலாளிக்கே அம்மாம் பவர் இல்ல” என்றார் துலுக்கானம், கோவிந்தராஜின் காதில் விழுகிற மாதிரி.

ஏழு மாதம் இந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, கூடப் படித்த ஒருவனிடம், கம்ப்யூட்டரை ஓட்டும் யூனிக்ஸுக்கான கையேடு இருப்பதாகத் தெரிந்து, போய்ப் பார்த்தான். அதில் ‘செலக்ட்’ என்று ஒரு வழி இருந்தது. ஆறு கேபிள்களின் வாசலையும் சேர்த்துப் பார்த்துக்கொள், எந்த வாசலில் எது வந்தாலும் என்னை எழுப்பு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு ப்ரோக்ராம் தூங்கலாம். யார் முதலில் அடிக்கிறாரோ அவருடையது முதலில் எடுக்கப்படும். எவர் டீ குடிக்கப் போனாலும் கவலை இல்லை. உதாரணத்தோடு ஒரு பக்கம் இருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தான். தாளின் பின்பக்கத்தை எடுக்கவில்லை. பின்பக்கத்தில் நான்கு வரியில் ஓர் எச்சரிக்கை இருந்தது. ஐம்பது பைசா மிச்சம்.

உதாரணத்தை அப்படியே பார்த்து அடித்தான். உதாரணத்தில் கேபிள் ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுவரும்படி வைக்கப்பட்டிருந்தது; இவனும் அப்படியே வைத்தான். ஏன் என்று கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்காது. 1991 ஜூலை 8, திங்கட்கிழமை காலை புதிய ப்ரோக்ராம் ஓடத் தொடங்கியது. துலுக்கானம் டீ குடிக்கப் போனார், வந்தார். ஒன்றும் நிற்கவில்லை. அன்று முழுவதும் கோவிந்தராஜ் உலைக்கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான்.

அடுத்த வாரமே கோளாறு தெரிந்தது. ஜூலை 17, புதன்கிழமை, இரண்டு மணி ஷிஃப்ட். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய ஐந்து உலைகளும் 2.15க்கு ஒன்று, 2.30க்கு ஒன்று என்று அடித்த பத்து அளவுகளும் 2.37 என்ற ஒரே நிமிடத்தில் பதிவாகியிருந்தன. மூன்றாம் உலையின் முதல் அளவும் 2.37. அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடியும்வரை எல்லாம் ஒழுங்கு. மறுநாளும் அப்படியே, 2.34. பழைய தாள்களைப் புரட்டினால் முதல் வாரத்திலும், காலை ஆறரை மணிவாக்கில், இதே கதை இருந்தது. இவன் நடந்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

அவன் முதலில் கரண்ட்டைக் குற்றம் சொன்னான். பிறகு எலியைச் சொன்னான். எலிக்கு மருந்து வைக்க ஓர் ஆளைப் போட்டார்கள். தன் ப்ரோக்ராமைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு ஆள் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தான். அதில் கிடைத்தது.

மூன்றாம் உலையில் பாஸ்கல் ஷிஃப்டுக்கு வரும்போதெல்லாம் இது நடந்தது. ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 24 வரை பாஸ்கல் வேலைக்கு வந்த நாள் நாற்பத்தொன்று. கோளாறு முப்பத்தெட்டு. மீதி மூன்று நாளும் மூன்றாம் உலை பழுதுக்காக அணைந்திருந்தது. பாஸ்கல் வராத ஷிஃப்டில் ஒருமுறைகூட இல்லை.

பாஸ்கலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவார். பதினோரு வருடமாக மூன்றாம் உலை. பேச்சு குறைவு. பொறுப்பேற்றதும் மற்றவர்கள் முன்னவர் விட்டுப்போனதை நம்பிக் கால்மணியில் முதல் அளவை அடித்துவிடுவார்கள். பாஸ்கல், சூடு கசியாமல் கதவோரத்தில் போட்ட மணல்கட்டு, விசிறி, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள், எண்ணெய்த் தொட்டி என்று ஒவ்வொன்றையும் தானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். முதல் அரைமணிக்கு விதியும் விலக்குக் கொடுத்திருந்தது. ஐந்து நிமிடமோ எட்டு நிமிடமோ அதிகமானால் ஃபோர்மன் கேட்பதில்லை. பதினோரு வருடத்தில் மூன்றாம் உலையிலிருந்து ஒரு துண்டு இரும்புகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, முதலாளியின் அறையில் கோவிந்தராஜ் பட்டியலை விரித்தான். டெக்னிக்கலாகப் பார்த்தால், ஷிஃப்ட் தொடங்கியதும் யாரோ கேபிளைப் பிடுங்கி அரைமணி கழித்துச் சொருகுகிறார்கள், அது யார் என்று பட்டியலே சொல்கிறது என்றான். பாஸ்கலைக் கூப்பிட்டார்கள்.

“ஒயர நான் இன்னாத்துக்கு சார் புடுங்கப் போறேன்? ஃபர்னஸ் கதவப் புடிக்கவே எனுக்கு ரெண்டு கை பத்தல” என்றார் பாஸ்கல்.

“அப்போ முப்பத்தெட்டு நாளும் தானா நடந்துச்சா?” என்றான் கோவிந்தராஜ்.

“அத்த நீதான் சார் சொல்லணும். மிஷின் உன்து.”

அந்தப் பதிலைக் கோவிந்தராஜ் திமிர் என்று எடுத்துக்கொண்டான். உண்மையில், அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட ஒரே சரியான வாக்கியம் அதுதான். ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை பாஸ்கலுக்கு மெமோ. வாசகம் கோவிந்தராஜுடையது, தட்டச்சும் அவனுடையது, பிழையில்லாமல் இருந்தது. விசாரணை முடியும்வரை பாஸ்கல் பின்பக்கத்தில், உலைக்குப் போகும் இரும்பைக் கழுவும் முற்றத்துக்கு மாற்றப்பட்டார். கூரை கிடையாது. மூன்றாம் உலைக்குக் கன்னியப்பன் என்பவர் வந்தார். கோளாறு அன்றே நின்றது. மறுநாள் கோவிந்தராஜ் பெயர்ப்பலகை வாங்கினான்.

பலகை வாங்கக் காரணம் இருந்தது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. அதற்கு நிபந்தனை, செப்டம்பர் 2 முதல் அக்டோபர் 1 வரை முப்பது நாள் ஆறு உலைகளின் பதிவும் ஒரு குறையில்லாமல் வர வேண்டும். தேறினால் அக்டோபர் 3ஆம் தேதி கோவிந்தராஜ் சிஸ்டம் மேனேஜர் என்று முதலாளி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். நிபந்தனைத் தாளில் ஏழாவது விதி, சோதனைக்காலத்தில் ப்ரோக்ராமில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து என்று சொன்னது. வாரம் ஒருமுறை பதிவைப் பார்க்க ஆவடியிலிருந்து செபாஸ்டியன் என்ற ஆய்வாளர் வருவார். ஐம்பத்தேழு வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கோவிந்தராஜ் அவற்றைத் துளையிட்டுக் கோப்பில் போட்டான். நான்கு தாள்களின் தலையிலும், இரண்டு துளைகளுக்கு நடுவே, ஒரு சின்னச் சிலுவை இருந்தது. நான்கு முறை துளையிட்டவன் நான்கு முறையும் பார்த்தான்.

செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால். சோதனையில் பதினெட்டாம் நாள். கழுவும் முற்றத்துக்கு அப்பால் இருந்த டீக்கடைக்குப் போகும் வழியில், பாஸ்கலின் மரப்பெட்டிமேல், கழுவிய இரும்பை அடுக்கும் தட்டுகளுக்கான கணக்குச் சீட்டு ஒன்று கிடப்பதைக் கோவிந்தராஜ் பார்த்தான். வெறும் சீட்டு. தலையில் ஒரு சிலுவை மட்டும். பக்கத்தில் பேனா. பாஸ்கல் வெயிலில் குனிந்து தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, வந்து, சிலுவைக்குக் கீழே எண்ணிக்கையை எழுதினார். அடுத்த சீட்டை எடுத்தார், சிலுவை போட்டார், பேனாவை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

துலுக்கானமும் எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடுகிறவர்தான். ஆனால் டெர்மினலில் ‘உ’ இல்லாததால் அவர் அதன் தலையில் குங்குமம் வைத்ததோடு சரி. சிலுவைக்கு அந்தச் சங்கடம் இல்லை. எண்களுக்குப் பக்கத்திலேயே கூட்டல் குறி இருந்தது.

கோவிந்தராஜ் டீ குடிக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பி ப்ரோக்ராமைத் திறந்தான். எழுபத்து மூன்று நாளில் முதல் முறையாக அதை வாசித்தான். ஆறு வாசலில் எதில் எது வந்தாலும் எழுப்பு என்று சொல்லியிருந்தான், அது சரி. எழுப்பிய பிறகு செய்ததுதான் கோளாறு. ஓர் எழுத்து வந்தாலே வாசலில் ஆள் வந்துவிட்டதாக எழுப்பும். எழுந்த ப்ரோக்ராம், முழு வரியும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, என்டர் வரும்வரை அந்த ஒரு வாசலிலேயே போய் நின்றுவிடும். மற்ற ஐந்து வாசலையும் திரும்பிப் பார்க்காது. பாஸ்கல் இரண்டு மணிக்கு வந்ததும் ஒரு கூட்டல் குறியைத் தட்டுவார். சிலுவை போட்டாயிற்று, சிலுவையை யாரும் என்டர் தட்டி அனுப்புவதில்லை. பிறகு உலையைச் சுற்றி வருவார். முப்பத்தேழு நிமிடம் கழித்து 842 என்று அடித்து என்டர் தட்டுவார். +842 என்பதும் 842தான். கம்ப்யூட்டர் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். அச்சில் சிலுவை இருக்காது.

உறுதி செய்துகொள்ள, ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், வெளியே போய் மூன்றாம் டெர்மினலில் ஒரு கூட்டல் குறியைத் தட்டினான். இரண்டாம் உலைக்காரரை ஓர் அளவு அடிக்கச் சொன்னான். பீப் வரவில்லை. பதினோரு விநாடி நின்றான். பிறகு கூட்டலைத் தொடர்ந்து கன்னியப்பன் சொன்ன சூட்டை அடித்து என்டர் தட்டினான். இரண்டு பீப் ஒன்றாக வந்தன.

அந்த நிமிடத்தில் அவன் செய்திருக்க வேண்டியது என்ன என்பதில் சந்தேகம் இல்லை. நேரே முதலாளியிடம் போய்த் தவறு என்னுடையது, மெமோவைக் கிழித்துவிடுங்கள் என்று சொல்ல நாற்பது அடி நடக்க வேண்டும். அவன் உட்கார்ந்து யோசித்தான். ப்ரோக்ராமைத் திருத்தினால் ஏழாவது விதி. பதினெட்டு நாள் போய்விடும். திருத்தாமல் பாஸ்கலை மட்டும் உலைக்குத் திருப்பினால் கோளாறு திரும்பும். பாஸ்கலிடம் சிலுவை போடாதே என்று சொன்னால், ஏன் என்று சொல்ல வேண்டிவரும். இன்னும் பன்னிரண்டே நாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தான். கழுவும் முற்றத்து வெயில் அந்த முடிவில் எங்கும் வரவில்லை.

வீட்டில் அவனுக்கு ராஜம்மா என்று ஒரு மனைவி. அன்று சாயங்காலம் அவள் கெரோசின் தீர்ந்ததையும், தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனதையும், தண்ணீர் வராததையும் சொன்னாள். அவன் தினசரியில் ஒரு செய்தியைப் படித்துக்கொண்டு ‘உம்’ கொட்டினான். முடித்துவிட்டு நிமிர்ந்து, கெரோசின் இருக்கிறதா என்று கேட்டான்.

“பேப்பர எறக்கி வெச்சாத்தான் உனுக்குக் காது தொறக்கும்னு கல்யாணத்தன்னிக்கே ஒருத்தரும் சொல்லல” என்றாள் ராஜம்மா. அவளுக்குப் பதினைந்து வருடத் தாமதம். அவளைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. முப்பதாம் நாள். இருபத்தொன்பது நாளும் பதிவில் குறை இல்லை. செபாஸ்டியன் ஒன்றேமுக்காலுக்கு வந்தார். ஷிஃப்ட் மாறுவதைப் பார்க்க வேண்டும், ஓர் அளவைத் தன் கையாலும் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். எந்த உலையில் என்று கோவிந்தராஜ் கேட்டான். அவர் கைகாட்டிய இடம் மூன்றாம் உலை. கன்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

செபாஸ்டியன் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு விசையைத் தட்டினார். மணி 2.06. பிறகு கையை எடுத்துவிட்டு, “இது எப்படித் தம்பி ஆறு பேரையும் ஒரே நேரத்துல கவனிக்குது?” என்று கேட்டார். சாதாரண மரியாதைக் கேள்வி.

கோவிந்தராஜ் இந்தக் கேள்விக்குத்தான் முப்பது நாளாகக் காத்திருந்தான். திரைக்கு முதுகைக் காட்டி, ஆய்வாளரின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டு தொடங்கினான். டெக்னிக்கலாகப் பார்த்தால், மற்ற கம்பெனிகளில் ஒருவனுக்காக எல்லோரும் நிற்பார்கள், இங்கே அப்படி இல்லை என்றான். செலக்ட் என்றான். ஆறு வாசல் என்றான். ஜெராக்ஸ் எடுத்த பக்கத்தில் இருந்ததை முழுவதும் சொன்னான். பின்பக்கத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. செபாஸ்டியன் பாதியில் குறுக்கிடாத மனிதர். மடியில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டார். 2.15 ஆயிற்று. ஐந்து உலைக்காரர்களும் அடித்தார்கள். ஒரு டெர்மினலும் பீப் என்று சொல்லவில்லை. கோவிந்தராஜ் பேசிக்கொண்டிருந்தான். 2.30 ஆயிற்று. மறுபடி அடித்தார்கள்.

முதல் உலையிலிருந்து துலுக்கானத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “இன்னா நைனா, சத்தத்தையே காணோம்? பாஸ்கல் திரும்பி வந்துகினானா?”

சிலர் சிரித்தார்கள். கோவிந்தராஜின் வாய் நின்றது. திரும்பித் திரையைப் பார்த்தான். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு கூட்டல் குறி. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்த நான்கு தாள்களும் அவன் நினைவுக்கு வந்தன.

ஆய்வாளரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி என்டரைத் தட்டினான். அவன் வாழ்க்கையில் அவசரமாகச் செய்த ஒரே காரியம் அது, அதையும் தவறாகச் செய்தான். ஐந்து டெர்மினல்களும் சேர்ந்து கத்தின. கம்ப்யூட்டர் அறையில் ப்ரின்டர் ஓடிற்று. செபாஸ்டியன் எழுந்துபோய்த் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஐந்து உலைகளின் பத்து அளவுகள், எல்லாம் 2.31. மூன்றாம் உலை, 2.31, சூடு 0. கூட்டல் குறியை மட்டும் அனுப்பினால் கம்ப்யூட்டருக்கு அது சுழியம். கதவிடுக்கில் சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்த உலை, ஐஸ்பெட்டி போலப் பதிவாகியிருந்தது.

“என் சிலுவைய நீங்க ஏன் தம்பி அனுப்புனீங்க?” என்றார் செபாஸ்டியன். கோபமாகக் கேட்கவில்லை.

கோவிந்தராஜ் கேபிள் என்று ஏதோ சொன்னான்.

செபாஸ்டியன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்: “பாஸ்கல் யாரு?”

யாரும் அவனைப் பதில் சொல்லவிடவில்லை. துலுக்கானமே அந்த நாற்பத்தொன்றையும் முப்பத்தெட்டையும் மெமோவையும் கழுவும் முற்றத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி ஒரு கூட்டல் குறியைத் தட்டி, துலுக்கானத்தை ஓர் அளவு அடிக்கச் சொல்லி, பீப் வருகிறதா என்று ஒரு நிமிடம் காத்திருந்தார். வரவில்லை. பிறகு முதலாளியின் அறைக்குப் போனார். கோவிந்தராஜைக் கூப்பிடவில்லை.

அங்கே முடிவானது இது. ப்ரோக்ராமைத் திருத்திய பிறகு, சோதனை முதல் நாளிலிருந்து மறுபடி நடக்கும். மூன்றாம் உலையில் பாஸ்கல்தான் நிற்க வேண்டும். அவர் சிலுவை போடுவதுதான் சோதனை. மெமோவைத் திரும்பப் பெற்றதற்கான கடிதம், பாஸ்கலின் கையெழுத்தோடு, அக்டோபர் 3, வியாழக்கிழமை கம்பெனியின் இரண்டரை மணி வேனில் ஆவடிக்கு வர வேண்டும். அதுவரை ஆர்டர் பேச்சில்லை.

முதலாளி கோவிந்தராஜிடம் நீண்ட நேரம் பேசவில்லை. “நீயே டைப் பண்ணு, நீயே கையெழுத்து வாங்கு. ரெண்டரை வேன்ல அது ஏறுச்சுன்னா உன் விஷயத்தப் பத்திப் பேசலாம். வாங்காம என் ரூமுக்கு வராத” என்றார்.

அக்டோபர் 2 விடுமுறை. கோவிந்தராஜ் மட்டும் வந்தான். ஒவ்வொரு வாசலில் வரும் எழுத்துகளையும் தனித்தனியாகச் சேர்த்துவைத்து, என்டர் வந்த பிறகே வரியாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினான். ஏழு வரி. நாற்பது நிமிட வேலை. பாஸ்கல் முற்றத்தில் நின்றது முப்பத்திரண்டு வேலைநாள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பாஸ்கல் மூன்றாம் உலைக்குத் திரும்பினார். முகமும் கையும் கறுத்திருந்தன. கன்னியப்பனிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டு, டெர்மினலில் கூட்டல் குறியைத் தட்டினார். கோவிந்தராஜ் கடிதத்தோடு பக்கத்தில் நின்றான். மணி 2.06.

பாஸ்கல் கடிதத்தை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். டெர்மினல் மேசையில் அதை வைத்துப் பேனாவைக் கேட்டார். கோவிந்தராஜ் கொடுத்தான். பாஸ்கல் தாளின் தலையில் ஒரு சிலுவை போட்டார். பேனாவைத் தாளின்மேல் வைத்தார்.

“ஃபர்னஸ பாத்துட்டு வந்துர்றேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோவிந்தராஜ் நின்றான். பாஸ்கல் கதவின் மணல்கட்டைக் குனிந்து பார்த்தார். 2.15க்கு ஐந்து உலைகளும் அடித்தன. ஐந்து பீப், ஒன்றன்பின் ஒன்றாக, அவரவர் நேரத்துக்கு. பாஸ்கல் விசிறிப் பக்கம் போனார். கம்ப்யூட்டர் அறையில் தொலைபேசி மணி அடித்தது. கோவிந்தராஜ் அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தான், தாளைப் பார்த்தான், திரும்ப நின்றான். மணி ஓய்ந்தது. அன்று முதல் அவன் மேனேஜர் என்ற நினைப்பில் யாரோ அனுப்பிய டீ வந்தது, அறையில் ஆள் இல்லை என்று திரும்பிப் போயிற்று. ப்ரின்டரில் தாள் தீர்ந்து அது வேறு கத்தத் தொடங்கியது. பாஸ்கல் தெர்மோகப்பிளின் திருகை விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமும் இல்லை, வேண்டுமென்றே தாமதமும் இல்லை. பதினோரு வருடம் பார்த்த மாதிரிதான் பார்த்தார்.

“இன்னா சார், ப்ரோக்ராம் ஓடுது, நீ நின்னுகினு கீற” என்றார் துலுக்கானம்.

2.30க்கு மறுபடி ஐந்து பீப். வாசலில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. கோவிந்தராஜ் கேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினான். கூடத்துக்குள்ளிருந்து தூக்கிய கை டிரைவருக்குத் தெரிய வழியில்லை. 2.33க்கு வேன் கிளம்பிற்று. பாஸ்கல் எண்ணெய்த் தொட்டியில் அளவுகோலை விட்டு எடுத்துத் துடைத்தார்.

2.43க்கு அவர் வந்தார். முதலில் டெர்மினலில் 842 என்று அடித்து என்டர் தட்டினார். பீப் என்றது. பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சிலுவைக்குக் கீழே, கடிதத்தின் முடிவில், கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை மறுநாள் பாஸ்கலே தன் சைக்கிளில் ஆவடிக்கு எடுத்துப்போனார். சோதனை தேறியது, ஆர்டரும் வந்தது. கண்ணாடித் தடுப்பு அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள்; தூசி ஆகாது என்பதால். கோவிந்தராஜின் மேசை வெளியே போடப்பட்டது. 1999 மார்ச் 31, புதன்கிழமை வேலையை விட்டு நிற்கும்வரை அவன் கம்ப்யூட்டர் இன்சார்ஜ்தான். இழுப்பறையைக் காலி செய்தபோது பெயர்ப்பலகை இருந்தது. ஒரு விளிம்பு தேய்ந்திருந்தது. ப்ரின்டர் தாளை நேராகக் கிழிக்க, ஏழரை வருடம் அவன் அதைத்தான் வைத்து அழுத்தியிருந்தான்.